மருதந்தாங்கலில் காக்கா பார்க்கப் போனவர்

பிள்ளையார்பாளையத்தில் கதிர்வேலுக்கு வக்கீல் என்று பெயர். படித்தது பத்தாவது, அதிலும் கணக்கு கைவிட்டுவிட்டது. தொழில் பட்டு நெசவு. கல்யாணப் புடவை நெய்கிற மனிதருக்கு எதற்கு வக்கீல் பட்டம் என்று சந்தேகப்படுகிறவர்கள் அவரோடு ஒருமுறை ரேஷன் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மாதம் வரிசையில் தன் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பின்னால் இருந்தவர்கள் தகராறு செய்தார்கள். "பை இருந்தா ஆள் இருக்கிற மாதிரிதான். நியாயம்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்று வாதாடி அரிசி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வேறொருவர் இவருக்கு முன்னால் பை வைத்துவிட்டுப் போய்விட்டார். "பைக்கு எந்த ஊர்லயா ரேஷன் கார்டு குடுக்கறாங்க?" என்று அதற்கும் வாதாடினார். இரண்டு வழக்கிலும் ஜெயித்தது அவர்தான்.

அப்பேர்ப்பட்ட வக்கீல் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம் தோற்றிருக்கிறார். அவரைப் பெற்ற அப்பன், மயில்வாகனம். மகன் வக்கீல் என்றால் அப்பா ஜட்ஜ். பேச்சு குறைவு, தீர்ப்பு மட்டும்தான் வரும். மேல்முறையீடு கிடையாது.

கதிர்வேல் செவிலிமேட்டில் மாடி வீடு கட்டிக்கொண்டு தறியோடும் குடும்பத்தோடும் கிளம்பியபோது, மயில்வாகனம் பிள்ளையார்பாளையத்திலேயே மகள் தேவகியின் வீட்டில் தங்கிவிட்டார். "அங்க யார்கூடடா நான் சண்ட போடறது? பஸ்ஸு வருது, போவுது. மனுசன் ஒருத்தன் இல்ல" என்றார். அதுவரைக்கும் சரி. புதுமனை புகுவிழா நடந்த அன்று மத்தியானம் இன்னொன்றும் சொன்னார். "அந்த ஊட்ல ஒரு பருக்க என் வாயில படாது." சொன்னார், செய்தார். அதற்கப்புறம் பேத்தியைப் பார்க்க வருவார். கேட்டுக்கு வெளியே நின்று பேசுவார். மருமகள் அகிலா மோர் கொண்டுவந்து நீட்டினால், "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார். வெயிலில் நின்று தொண்டை காய்ந்து பேசுகிற மனிதர் எங்கே எப்போது குடித்தார் என்று அவள் கேட்டதில்லை. போன மார்கழிக்கு முந்தின மார்கழியில், சொன்ன சொல் மாறாமல், அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவுக்குக் கதிர்வேலின் வீடு பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்கு அதை அறிவித்தவர் கதிர்வேல்தான். கிழக்குப் பார்த்த வாசல், எதிரே பாலாற்றுக் காற்று, மொசைக் இல்லை டைல்ஸ், இத்தனையும் இருந்தும் பிடிவாதம் பிடித்த கிழவர் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி, கேட்காதவர்களிடமும் சொல்லி வைத்திருந்தார்.

தலைத்திவசம் முடிந்து வந்த முதல் தை அமாவாசை இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. நெசவாளிக்கு ஞாயிறு என்றால் ஒன்றுமில்லை, அவனுக்கு லீவு அமாவாசைதான். தறிகள் எல்லாம் நின்று ஊரே அமைதியாகிவிட, கதிர்வேல் விடியற்காலையில் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். அகிலா வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, வடை, பாயசம் என்று ஒரு குறையும் இல்லாமல் சமைத்திருந்தாள். படத்துக்கு முன்னால் படைத்து, கற்பூரம் காட்டி, ஒரு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். காக்கா எடுத்த பிறகுதான் வீட்டில் கை நனைக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

தை அமாவாசையன்று காஞ்சிபுரத்துக் காக்காக்களின் பவிசைச் சொல்லி முடியாது. மற்ற நாளெல்லாம் எச்சில் இலைக்கு அடித்துக்கொண்டு சாகிற ஜென்மங்கள், அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை முறுக்கோடு திரியும். இந்த மாடியில் வடை, அந்த மாடியில் சர்க்கரைப் பொங்கல், அடுத்த மாடியில் நெய் விட்ட பருப்பு. ஊரே கையைக் குவித்து "கா, கா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும். கதிர்வேலும் கெஞ்சினார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் தொட்டியின் மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. கதிர்வேலைப் பார்த்தது. இறங்கவில்லை.

"அவருதான்" என்றாள் அகிலா. "அப்படித்தான் கேட்டாண்டயே நின்னுக்கினு பாப்பாரு."

"சும்மா இரு. மாடி நம்ம ஊட்டுக் கணக்குல வருது. அதான் எறங்கல" என்றார் வக்கீல். இலையைத் தூக்கிக்கொண்டு போய்க் காம்பவுண்டு சுவர் மேல் வைத்தார். சுவரில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. காக்கா அசையவில்லை. சுவரின் உள்பக்கத்தில் வைத்துவிட்டோமோ என்று வெளிப்பக்கமாக நகர்த்திப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்து தெருவுக்கே போய், நகராட்சிக்குச் சொந்தமான இடத்தில், சாக்கடை மூடி மேல் இலையை வைத்தார். தொட்டி மேலிருந்த காக்கா இந்த ஊர்வலம் முழுவதையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருநாய் ஒன்று வந்து இலையை முகர, கதிர்வேல் அதைத் துரத்திவிட்டு இலையோடு திரும்பினார்.

நடுவில் தங்கை தேவகியிடமிருந்து போன். "அண்ணா, இங்க அப்பவே வந்துட்டாருண்ணா! நான் கூப்டகூட இல்ல. சுடச்சுட சாப்ட்டுட்டு, அலக சுவத்துல தொடச்சிக்கினு போனாரு."

"சந்தோசம்" என்று கதிர்வேல் போனை வைத்தார். அந்த ஒரு சொல்லில் சந்தோஷம் மருந்துக்கும் இல்லை.

மத்தியானம் தாண்டியது. காலேஜில் படிக்கிற மகள் தேவிப்ரியா பசி பொறுக்காமல் சமையலறையில் வெந்நீர் வைத்தாள். "நூடுல்ஸ்பா. சோறுதான சாப்டக்கூடாது? இது சோத்துக் கணக்குல வராது" என்றாள். பெற்ற பெண்ணின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று கதிர்வேல் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. வம்சம் விளங்குகிறது என்று விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அகிலாவின் தம்பி விமல்ராஜ் பைக்கில் வந்து இறங்கினான். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. மூன்று வருஷமாகப் பறவைப் பைத்தியம். கழுத்தில் தவில் கனத்துக்கு ஒரு கேமரா. பெண் பார்க்கப் போகச் சொன்னால் ஷிஃப்ட் இருக்கிறது என்பான், கொக்கு பார்க்க என்றால் லீவு கிடைத்துவிடும். மாமாவை ஒரு நாள் மருதந்தாங்கல் ஏரிக்கு அழைத்துப் போகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமாவின் லீவும் அவன் லீவும் ஒத்துப்போன நாள் இது.

"திருமுக்கூடல் தாண்டினா கொஞ்ச தூரம்தான் மாமா. சாயங்காலம் எல்லாப் பறவையும் கூட்டுக்குத் திரும்பும். ஆயிரக்கணக்குல வரும். வானமே மறஞ்சிடும்!"

கதிர்வேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆயிரக்கணக்குலயா?"

"ஆமா மாமா. சீசன் உச்சத்துல இருக்குது."

வக்கீல் மூளை வேலை செய்தது. அப்பா சொன்னது அந்த வீட்டைப் பற்றி. ஏரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பறவை வருகிற இடத்தில் ஒரு காக்காவா இருக்காது? கதிர்வேல் எழுந்து டிபன் கேரியரை எடுத்தார்.

அகிலா தலையில் அடித்துக்கொண்டாள். "காக்காவத் தேடிக்கினு ஏரிக்குப் போவாங்களா யாராவது? பேசாம உக்காந்து சாப்டுங்க. பசில கண்ணு உள்ள போயிடுச்சி."

"எப்படிடி சாப்டறது?" கதிர்வேலின் குரல் சட்டென்று இறங்கியது. "உசுரோட இருந்தப்ப என் சோத்தத் தொடல. செத்தப்புறமும் என் கையால ஒரு வாய் துன்னலன்னா, நான் இன்னாத்துக்கு அந்தாளுக்குப் புள்ளன்னு பொறந்தேன்? இன்னிக்கு எங்கப்பன் சாப்பிடணும். அப்புறம்தான் எனக்கு."

அகிலா சோறும் வடையும் வாழைக்காயும் கேரியரில் போட்டு, நறுக்கிய வாழையிலை ஒன்றையும் மடித்துக் கொடுத்தாள். பைக் கிளம்பியது. பின்னால் ஜரிகைக் கரை வேட்டியும் பட்டுத் துண்டுமாக, மடியில் டிபன் கேரியரை அணைத்துக்கொண்டு கதிர்வேல் உட்கார்ந்து போனதைப் பார்த்தவர்கள், யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மருதந்தாங்கல் பறவைகள் காப்பகத்தின் வாசலில் ஒரு பெரிய போர்டு. சத்தம் போடக் கூடாது, பளிச்சென்ற உடை கூடாது, பிளாஸ்டிக் கூடாது, பறவைகளுக்கு உணவளிக்கக் கூடாது. வரலாம், ஆனால் வந்த சுவடு தெரியக் கூடாது என்பதுதான் அதன் சுருக்கம். காவலர் கேரியரைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"சாப்பாடு உள்ள போவாதுங்க. போர்டு பாக்கலியா?"

"பாத்தேன்" என்றார் கதிர்வேல், பசியிலும் தெம்பாக. "பறவைக்குத்தான குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது? இது பறவைக்கு இல்ல. எங்கப்பாவுக்கு."

காவலர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அவரு எங்க?"

"வருவாரு."

காவலர் விமல்ராஜைப் பார்த்தார். விமல்ராஜ் வானத்தைப் பார்த்தான். பறவை பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வசதி, எந்த நேரத்திலும் வானத்தைப் பார்க்கலாம்.

அதற்குள் கதிர்வேல் கேரியரோடு உள்ளே நுழைந்துவிட்டார். ஏரிக்கரை மேல் சென்னையிலிருந்து வந்த ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. ஆண் பெண் அத்தனை பேரும் சேற்று நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளில் உடம்பைவிடப் பாக்கெட் அதிகம். தலைவி சுகாசினி மேடம் வீட்டில் ஏசியை இருபதுக்கு வைத்துக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர். அவர் கதிர்வேலின் வெள்ளை வேட்டியையும், அரக்கு நிறப் பட்டுத் துண்டையும், அதில் சாயங்கால வெயில் பட்டு ஜரிகை அடித்த மின்னலையும் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், ப்ளீஸ். இது கல்யாண மண்டபம் இல்ல. பறவைங்க பயந்துடும்."

உலகமே தேடி வந்து வாங்குகிற ஜரிகையைப் பார்த்து முகம் சுளித்த முதல் ஆளைக் கதிர்வேல் அன்றுதான் சந்தித்தார். விமல்ராஜ் பைக் டிக்கியிலிருந்து பழைய மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். துண்டு மறைந்தது. போனை சைலண்டில் போடச் சொன்னார்கள். அதையும் போட்டு, மழைக்கோட்டுப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். வெயிலில் மழைக்கோட்டும் வெறும் வயிறுமாக நின்றவரின் கையில் ஒரு பைனாகுலரையும் கொடுத்தார்கள்.

பறவைகள் வந்தன, அதை மறுக்க முடியாது. கருவேல மரங்களின் உச்சியில் நத்தை குத்தி நாரைகள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. கூழைக்கடா ஒன்று தாடைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீரில் மிதந்தது. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி உளவு பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் ஒரு 'ஆஹா' எழுந்தது, ரகசியக் குரலில். அதுவரை வாழ்க்கையில் பார்க்காத பறவையைப் பார்த்துவிட்டால் அதற்கு 'லைஃபர்' என்று பெயராம். ஒருவர் ஏதோ சாம்பல் குருவியைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த மாதிரி எல்லாரிடமும் கைகுலுக்கினார். நெற்றியில் வெள்ளையாக இழுத்துக்கொண்டு கறுப்பாக நீந்திய நாமக்கோழிகளை மட்டும் கதிர்வேல் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்ம ஊரில் என்றால் அந்த நாமம் வடகலையா தென்கலையா என்று இந்நேரம் கேஸ் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு சுகாசினி மேடத்தின் பக்கம் போய், தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மேடம், காக்கா எப்ப வரும்?"

மேடம் பைனாகுலரை இறக்கினார். "என்ன காக்கா? ஜங்கிள் க்ரோவா, ஹவுஸ் க்ரோவா?"

"ஊட்டுக் காக்காதான் மேடம். ஆனா ஊட்டுக்குத்தான் வர மாட்டேங்குது."

"அதை எதுக்கு சார் இங்க வந்து தேடறீங்க? சென்னையில எங்க பால்கனி பூரா அதுதான்."

கொடுத்து வைத்த பால்கனி என்று கதிர்வேல் பெருமூச்சு விட்டார். அவர் பார்த்தவரையில் ஏரியில் உலகத்தில் உள்ள அத்தனை பறவையும் இருந்தது, காக்காதான் இல்லை.

திடீரென்று கூட்டம் மூச்சை அடக்கியது. வடக்கிலிருந்து ஒரு வரிசை வாத்துகள் தாழப் பறந்து வந்தன. பட்டைத்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வருகிற பறவையாம். இரண்டு வருஷமாக இந்த ஏரிக்கு வரவில்லையாம். சுகாசினி மேடத்தின் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கேமராவை உயர்த்தினார்கள். வாத்துகள் ஒரு சுற்றுச் சுற்றி, காலை நீட்டித் தண்ணீரில் இறங்க ஆரம்பித்தன.

எல்லார் கண்ணும் வாத்து மேல் இருந்த அந்தச் சமயத்தைக் கதிர்வேல் பயன்படுத்திக்கொண்டார். கேரியரோடு கரைக்கு மறுபக்கம் இறங்கி, ஒரு வேப்பமரத்தடியில் இலையைப் போட்டு, சோறும் வடையும் எடுத்து வைத்தார். பிறகு கையைக் குவித்து, "கா...! கா...! கா...!" என்று கூப்பிட்டார்.

பத்துத் தறி ஓடுகிற கூடத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பேசிப் பழகிய தொண்டை அது. அமைதி என்பதே பாடமாக இருந்த அந்த ஏரியில் அது வெடி போட்ட மாதிரிக் கேட்டது. நாரைகள் எழுந்தன. கொக்குகள் எழுந்தன. கூழைக்கடாகூடத் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. இமயமலையைத் தாண்டிய வாத்துகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் திரும்பி, வந்த வழியே போயே போய்விட்டன. ஒரே ஒரு ஜீவன் மட்டும் வரவில்லை. எதைக் கூப்பிட்டாரோ, அது.

காவலர் ஓடி வந்தார். பின்னால் சேற்று நிறச் சட்டைகள் வந்தன. சுகாசினி மேடத்துக்குக் கோபத்தில் தமிழே வரவில்லை. விமல்ராஜ் நடுவில் நின்று, தை அமாவாசை, மாமாவோட அப்பா, காக்கா என்று துண்டு துண்டாகச் சொல்லி முடித்தான். மேடம் இலையைப் பார்த்தார். வாத்து போன திசையைப் பார்த்தார். "உங்கப்பாவுக்காக என் வாத்து போச்சே சார்" என்றார் அழாத குறையாக. கதிர்வேல் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து வாதம் எதுவும் வரவில்லை. பசி ஒரு காரணம்.

"காக்கா உள்ள வராதுங்க" என்றார் காவலர், கொஞ்சம் இரங்கி. "உள்ள பஜ்ஜி இல்லியே. எல்லாம் வெளிய டீக்கடையாண்ட உக்காந்திருக்கும். அங்க போய் வையுங்க. இங்க இருந்தா என் வேலை போயிடும்."

வாசலுக்கு எதிரே ரேணுகாம்பாளின் டீக்கடை. பஜ்ஜிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்தன காக்காக்கள், பெஞ்சில், கூரையில், நிறுத்தியிருந்த வேனின் மேல். கதிர்வேலுக்குப் போன உயிர் வந்தது. கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டில் இலையை விரித்து, மழைக்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தள்ளி நின்று கையைக் கூப்பினார்.

ஒன்று இறங்கி வந்தது. தத்தித் தத்தி இலைக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு கண்ணால் சோற்றைப் பார்த்தது. மறு கண்ணால் கதிர்வேலைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய், யாரோ கடித்துப் போட்ட பஜ்ஜித் துண்டைக் கொத்தியது. இன்னொன்று வந்தது, அதுவும் அதே மாதிரி. ஊர் முழுக்க விருந்து தின்றுவிட்டு வந்த கூட்டம், அதற்குப் பஜ்ஜியே உபரி. இதெல்லாம் கதிர்வேலுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன? பஜ்ஜியை எடுத்ததே, அப்பன் பேரில் வைத்த வடையை எடுக்கவில்லையே.

ரேணுகாம்பாள் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். "யாருக்குங்க படையலு?"

"அப்பாவுக்கு."

"இன்னா கோவம் அவருக்கு?"

"நான் கட்ன ஊடு அவருக்குப் புடிக்கலம்மா. அங்க ஒரு பருக்க தொடமாட்டேன்னாரு. அதான் இங்க எடுத்தாந்தேன்."

"இது உன் ஊடு இல்லியே சாமி. என் கடை. இங்க இன்னாத்துக்குத் தொடல?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுப் பஜ்ஜியைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். இத்தனை வருஷமாகக் கட்டி, பூசி, வெள்ளையடித்து வைத்திருந்த கதிர்வேலின் கேஸ், ஒரு டீக்கடைக்காரம்மாள் கரண்டியோடு கேட்ட ஒரு கேள்வியில் பொலபொலவென்று உதிர்ந்தது.

நடந்தது இதுதான். புதுமனை புகுவிழா அன்று மயில்வாகனம் வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை. மாடிவரை ஏறிப் போய்ப் பார்த்தார். "காத்து நல்லா வருதுடா" என்றார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, ஓரத்தில் இனிப்பும் வைத்தாயிற்று. அப்போதுதான் கதிர்வேல் யாருக்குப் புடவை நெய்து கொடுக்கிறாரோ அந்தப் பட்டுக்கடை முதலாளி குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். பந்தியில் இடம் இல்லை. கதிர்வேல் அங்குமிங்கும் பார்த்தார். கடைசியில் அப்பாவின் காதருகே குனிந்து, "அப்பா, நீ நம்ம ஆளுதான? கொஞ்சம் எழுந்து அடுத்த பந்தில உக்காரேன்" என்றார்.

மயில்வாகனம் எழுந்தார். சாப்பிடாத கையைக் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அகிலா மட்டும் பின்னாலேயே ஓடி, பஸ் கிளம்புகிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஒரு பருக்கைகூட வாயில் படாது என்று அவர் சொன்னது அவளிடம்தான். கதிர்வேல் முதலாளிக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இலையில் உட்கார்ந்த மனுஷனை எழுப்புவது எதிரிக்கும் செய்யாத காரியம். அதைப் பெற்ற அப்பனுக்குச் செய்துவிட்டு, வாசல் கிழக்கா மேற்கா, டைல்ஸா மொசைக்கா என்று வீட்டின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடிந்தது கதிர்வேலால். வக்கீல் என்று ஊர் சும்மாவா பெயர் வைத்தது?

"எலையிலருந்து எழுப்பிட்டேன்மா" என்றார் கதிர்வேல், அடுப்புப் பக்கம் பார்த்து.

"யார?"

"எங்கப்பாவ."

"அடப்பாவி" என்றாள் ரேணுகாம்பாள்.

கதிர்வேல் திட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். துண்டு மண்ணில் புரண்டது. "அப்பா, தப்புதாம்பா. என்னைத் திட்டு. சாப்ட்டுட்டுத் திட்டு" என்றார் சத்தமாகவே. டீ குடிக்க வந்திருந்த சேற்று நிறச் சட்டைகள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. சுகாசினி மேடம்கூட, பாவம், ஒரு காக்காவை இலைப் பக்கம் போகும்படி மெதுவாகக் கையால் ஓட்டிப் பார்த்தார். அது பறந்து கூரைக்குப் போனது. இருட்டியது. காக்காக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மரத்துக்குப் போயின. இலை வைத்தபடி இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் கதிர்வேல் டிபன் கேரியரை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

செவிலிமேட்டு வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. கழுவிக் கவிழ்த்த தட்டுகள். தேவிப்ரியா வடையைக் கடித்துக்கொண்டு டி.வி. பார்த்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்றார் கதிர்வேல், நம்பாமல்.

"எத்தன தடவ போன் பண்றது?" என்று அகிலா சமையலறையிலிருந்து வந்தாள். "எடுத்தாதான? அவரு அப்பவே வந்து சாப்ட்டுட்டாருங்க. உங்க வண்டி அப்பத்தான் தெருமொன திரும்பிச்சு. மனசு கேக்காம இன்னொரு எல போட்டு மாடில வெச்சேன். வெச்சு கைய எடுக்கல, வந்துட்டாரு."

"எது?"

"காலைலருந்து தொட்டி மேல இருந்துச்சே, அதேதான். சோறு, வாழக்கா, எல்லாம். வடைய முழுசா துன்னாரு. 'கா'ன்னாரு, இன்னொண்ணு வெச்சேன். பாயசத்துலகூட மூக்க விட்டாரு. இருந்து பொறுமையா சாப்ட்டுத்தான் போனாரு."

பழக்க தோஷம், கதிர்வேலின் மூளை ஒரு வாதத்தைத் தேடியது. பசி எடுத்திருக்கும், அதனால் வந்திருக்கும். வேறு காக்காவாக இருக்கும். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. "நான் போனத அது பாத்துச்சா?"

அகிலா பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பாள். அவளுக்கு அது வராது.

"பாத்துச்சு. வண்டி மறையற வரைக்கும் எட்டி எட்டிப் பாத்துச்சு. அப்புறம்தான் எறங்கிச்சு."

"அப்ப ஊட்டு மேல கோவம் இல்ல."

"ஊடு இன்னாங்க பண்ணுச்சு, பாவம்?"

அவள் அதைக் குத்திக் காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது. கதிர்வேல் அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அகிலா அவருக்கு முன்னால் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய் விட்டாள். அவர் பிசைந்தார். உருட்டிய கவளம் கையிலேயே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

"சாப்டுங்க" என்றாள் அகிலா. "உங்கள யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்க."

கதிர்வேல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். பாயசம் மட்டும் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.